உரிவது வேறு, உரிப்பது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் உங்கள் ஞாயிறு இதழின் பெண்கள் பக்கத்தில் ஒரு சிறு குறிப்பு வந்தது. பியூட்டி பாலருக்குப் போகாமல் வீட்டிலேயே பீல் ஓஃப் மாஸ்க், அதாவது முகத்தில் பூசி உரித்தெடுக்கும் பூச்சு, போடுவது எப்படி என்பது விஷயம். ஜெலட்டின் ஒரு மேசைக்கரண்டி, சூடான பால் இரண்டு மேசைக்கரண்டி, கரித்தூள் ஒரு தேக்கரண்டி. குழைத்து முகத்தில் பூசுங்கள், காய்ந்ததும் உரித்தெடுங்கள். பாலரில் ஆயிரக்கணக்கில் காசு வாங்கிக்கொண்டு போடும் மாஸ்க்கும் இதுதான் என்று முடித்திருந்தீர்கள்.

அது இதுவல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முப்பது வருடமாக உங்கள் பத்திரிகை எங்கள் வீட்டுக்கு வருகிறது. முதலில் மரண அறிவித்தல், பிறகு முதல் பக்கம், கடைசியாகத்தான் பெண்கள் பக்கம் என்பது என் ஒழுங்கு. அந்தக் குறிப்பையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தேன். அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். எழுதாமல் விட்டது என் பிழை.

நான் அழகுக்கலை படித்தவள் அல்ல. 1997 முதல் 2020 வரை யாழ். நகரில் ஒரு தனியார் பல் வைத்தியரிடம் உதவியாளராக இருந்தேன். பல்லுக்கும் முகத்துக்குப் போடும் மாஸ்க்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

என் தங்கையின் மகளுக்கு ஆவணியில் கல்யாணம். தீர்த்தம் முடிந்து பத்து நாள் கழித்து நாள் வைத்திருந்தார்கள். பிள்ளை வங்கியில் வேலை. காலையில் போனால் பின்னேரம் ஐந்தரைக்குத்தான் வீடு. பாலருக்குப் போக நேரமில்லை, போனாலும் அந்த மாதம் எல்லா இடமும் கல்யாணப் பொம்பிளைகளால் நிரம்பி வழியும். உங்கள் குறிப்பைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறாள். ஜெலட்டின், கேக் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. கரித்தூளுக்கு மட்டும் ஆள் தேடவில்லை. குசினியில் சிரட்டைக்கரி கிடந்தது, அதை அம்மியில் அரைத்துப் பட்டுத்துணியில் அரித்து எடுத்திருக்கிறாள். கடையில் விற்கும் அக்டிவேற்றட் சாக்கோலும் சிரட்டையிலிருந்து செய்வதுதான், ஆனால் மிகப் பெரிய வெப்பத்தில் நீராவி கொடுத்துப் பதப்படுத்தியது. அம்மிக்கரி அப்படியல்ல. எவ்வளவு அரித்தாலும் மணல் மாதிரி நறநறவென்று இருக்கும். அதைக் கன்னத்தில் தேய்த்தால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரவு எட்டரை மணி இருக்கும். போன் வந்தது.

"பெரியம்மா, கழருதில்லை. இழுத்தா உயிர் போகுது."

இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவர்கள் வீடு. டோர்ச்சை எடுத்துக்கொண்டு நடந்தேன். பிள்ளை கண்ணாடிக்கு முன்னால் வாயைத் திறக்கவும் முடியாமல் கறுத்த முகத்தோடு நின்றாள். வலது கன்னத்தில் பாதியை இழுத்து எடுத்துவிட்டாள். எடுத்த இடம் சிவந்து போய், பெருவிரல் அகலத்துக்கு மேல்தோல் போய் மினுங்கியது. கிழித்த துண்டு வோஷ் பேசினில் கிடந்தது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்புப் பிளாஸ்ரிக் மாதிரி விறைத்திருந்தது. உள்பக்கத்தில் பூனைமயிர் வரிவரியாக நட்டு வைத்ததுபோல் நின்றது. இடது புருவத்தின் வால் பக்கத்தில் ஐந்தாறு மயிரும் அதோடு வந்திருந்தது.

"இனி இழுக்காதை" என்றேன். ஜெலட்டின் சுடுதண்ணீருக்கு இளகும். பொறுக்கக்கூடிய சூட்டில் தண்ணீர் வைத்து, பழைய வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டு, ஆற ஆற மாற்றி, அரை மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே இருத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கொழகொழவென்று இளகி வந்தது. மீசை முளைக்கும் இடத்திலும் நெற்றி மயிர் தொடங்கும் இடத்திலும்தான் கடைசிவரை விடவில்லை.

இதற்கிடையில் என் தங்கை கேட்ட கேள்வி இது: "அக்கா, உந்த ஜெலட்டின் எதிலை செய்யிறது?"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். மாடு, பன்றியின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். நல்லூரில் கொடியேறினால் தீர்த்தம் முடியும் வரைக்கும் அந்த வீட்டில் மச்சச் சட்டியே இறங்காது. அன்றைக்கு அந்தக் குசினியில், பால் காய்ச்சும் பாத்திரத்தில், கரண்டியால் கலக்கியிருக்கிறது. மகளின் கன்னத்தை விட்டுவிட்டு அவள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். பிள்ளைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரித்தாலும் கன்னம் எரிந்தது.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜெலட்டின் என்பது பசை. முன்பு தச்சர்மார் பலகை ஒட்டுவதற்கு வச்சிரம் காய்ச்சுவார்கள், ஞாபகம் இருக்கிறதா? கட்டியாக வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, சூடாக்கித் தடவுவார்கள். அதுவும் இதுவும் ஒரே இனம். அது திருத்தாத முரட்டுச் சரக்கு, இது சாப்பிடுவதற்காகச் சுத்தம் செய்தது, அவ்வளவுதான் வித்தியாசம். தண்ணீர் வற்ற வற்ற அது சுருங்கும். சுருங்கும்போது அடியில் என்ன இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். கதிரைக்காலைப் பிடிப்பதுபோலத்தான் கன்னத்து மயிரையும் பிடிக்கிறது.

கடையில் ரியூப்பில் வரும் பீல் ஓஃப் மாஸ்க்கில் ஜெலட்டினுக்குப் பதிலாகப் பெரும்பாலும் பொலிவைனைல் அல்ககோல் என்ற ஒன்றைப் போடுவார்கள். அதுவும் காய்ந்துதான் படலமாகும். சீக்கிரம் காய்வதற்காகச் சிலவற்றில் சாராயச் சத்தும் சேர்ந்திருக்கும், பூசியவுடன் குளிர்ந்து கண்ணெரிவது அதனால்தான். ஆனால் அது முகத்துக்கென்று அளந்து செய்தது, ஜெலட்டின் அளவுக்கு முரடு இல்லை. ஒரே சீராகக் கொஞ்சம் தடிப்பாகப் பூசினால், புருவத்தையும் மயிர்க்கரையையும் தவிர்த்தால், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. மெல்லிசாகப் பூசிய இடம் உரிந்து வராது. அந்த இடத்தை நகத்தால் சுரண்டாமல் தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளின் வெள்ளைப் பசையில் கரியைக் குழைத்துப் பூசச் சொல்லி ரிக்ரொக்கில் வருகிறதே, அதைப்பற்றி நான் எழுதப் போவதில்லை. கடதாசி ஒட்டுகிற பசை கடதாசி ஒட்டட்டும்.

உரித்த துண்டில் குத்திட்டு நிற்கும் புள்ளிகளைப் பார்த்து, முகத்து அழுக்கெல்லாம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் மகிழ்கிறார்கள். அதில் பாதி பூனைமயிர். மிச்சம், மூக்குத் தோலின் நுண்துளைகளில் எல்லோருக்கும் இயல்பாக இருக்கிற எண்ணெய்ப் பசை. சில வாரத்தில் அது திரும்ப நிரம்பிவிடும், நிரம்பத்தான் வேண்டும்.

இப்போது பாலரில் போடும் மாஸ்க். இரண்டு மூன்று வருடமாக இங்கேயும் கல்யாணப் பொம்பிளைகளுக்குப் போடுகிறார்கள். இளஞ்சிவப்பு, ஊதா, பச்சை என்று பவுடராக வரும். தண்ணீர் விட்டுக் குழைத்து, தோசைமா மாதிரித் தடிப்பாக முகம் முழுவதும் பூசுவார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் முழு முகமும் ஒரே துண்டாகக் கழன்று வரும். ஜெலி மாஸ்க் என்கிறார்கள், றப்பர் மாஸ்க் என்கிறார்கள். கொரியாவிலிருந்து வந்த நாகரிகம்.

கல்யாணத்துக்காக ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சாள் அந்தப் பவுடரில் ஒரு பெரிய பேணி கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன், ஒரு சிட்டிகை எடுத்து விரலிடையில் தேய்த்துப் பார்த்தேன். கை சொல்லிவிட்டது. இருபத்து மூன்று வருடம் நான் குழைத்த அல்ஜினேட்!

கட்டுப்பல் செய்யப் போனவர்களுக்குத் தெரியும். இரும்புத் தட்டு ஒன்றில் இளஞ்சிவப்பாக, தயிர்ப் பதத்தில் ஒன்றை நிரப்பி வாய்க்குள் வைத்து, மூக்கால் மூச்சு விடுங்கோ என்று சொல்லுவோமே, அது. கடலில் வளரும் பழுப்புப் பாசியிலிருந்து எடுப்பது. அதோடு ஜிப்சம் எனப்படும் கல்சியம் சல்பேற், டயற்றம் என்ற நுண்பாசியின் ஓடுகள் மண்ணாகிப் போன ஒரு வெள்ளை மண், உடனே இறுகிவிடாமல் பிடித்து வைக்க ஒரு பொஸ்பேற்று உப்பு. முகத்துக்கு வரும் பேணியில் நிறமும் வாசனையும் குளுக்கோசும் கூட இருக்கும். அடிப்படை ஒன்றேதான். முன்பு பல் அச்செடுக்க, வேறொரு கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைத்தான் பாவித்தார்களாம், அது பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வரவேண்டும், இரண்டாம் உலகப் போரில் அது நின்றுபோகத்தான் இதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று எங்கள் டொக்டர் சொல்லுவார். 2006 ஓகஸ்ட்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையைப் பூட்டியபோது இதுவும் எங்களுக்கு வராமல் நின்றது. ஒரு பேணியை மாதக்கணக்கில் இழுத்தோம். ஒரு கரண்டி பழுதாக்கினாலும் டொக்டர் ஒன்றும் பேசமாட்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது பேச்சை விட மோசம்.

இதில் கவனிக்க வேண்டியது இதுதான். அல்ஜினேட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரை உள்ளே வைத்துக்கொண்டே கல்சியத்தோடு சேர்ந்து கட்டியாகிறது. ஈரமாக, குளிராக, வழுக்கலாக இருக்கும்போதே உரிந்துவிடும், அதனால் மயிரை அவ்வளவாகப் பிடிக்காது. எடுக்கும்போது ஒரு சத்தமும் இல்லை, ஒரு இழுவையும் இல்லை. அது தானாக உரிவது. ஜெலட்டினை நாங்கள் உரிக்க வேண்டும். உரிவதற்கும் உரிப்பதற்கும் உள்ள வித்தியாசம் தமிழ் தெரிந்த உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் குறிப்பை எழுதியவர் இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதால் ஒரே பொருள் என்று எண்ணிவிட்டார்.

இருபத்து மூன்று வருடம் குழைத்தவள் என்று பெருமையடித்தேன் அல்லவா? வீட்டில் முதல் தடவை குழைத்தபோது நானே கோட்டை விட்டேன். கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மகளுக்குப் போடும் முன், எதற்கும் ஒருக்கால் எனக்குப் போட்டுப் பார்ப்போம் என்று மத்தியானம் பன்னிரண்டரைக்குத் தொடங்கினேன். குழாயைத் திறந்து தண்ணீர் பிடித்தேன், பவுடரைப் போட்டேன், நாலு சுற்றுச் சுற்றவில்லை, கோப்பைக்குள்ளேயே புட்டுமாப்போல் திரண்டு இறுகிவிட்டது. மச்சாளுக்கு முகம் விழுந்துவிட்டது. "கனடாவிலை இப்பிடி வாறேல்லை" என்றாள்.

கனடாவில் வராதுதான். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடந்து வருவது. கேத்தலின் அடியைப் பாருங்கள், சவர்க்காரம் நுரைக்கிற அழகைப் பாருங்கள். அந்தத் தண்ணீரில் கல்சியம் தாராளமாக இருக்கிறது. அல்ஜினேட் இறுகுவதற்குத் தேவையானதே கல்சியம்தான். பேணிக்குள் அளந்து போட்டதோடு எங்கள் கிணறும் தன் பங்கைப் போடுகிறது. போதாததற்கு அந்த நேரத்துத் தாங்கித் தண்ணீர் தேத்தண்ணி போடுகிற பதத்தில் இருக்கும். சூடு கூடினால் இறுகும் நேரம் குறையும். கிளினிக்கில் இதற்காகவே பிரிட்ஜில் போத்தல் தண்ணீர் வைத்திருப்போம், பங்குனி சித்திரையில் றப்பர் கோப்பையையே குளிரவைப்போம். வீட்டில் அது எனக்கு மறந்துபோனது. கிளினிக்கை விட்டு வந்து சில வருடம்தான் ஆகிறது, அதற்குள் கை ஞாபகம் வைத்திருக்கிறது, தலை மறந்துவிட்டது.

இரண்டாம் தடவை, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னர், இரவு. கடையில் வாங்கும், சுண்ணாம்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் பிரிட்ஜில் குளிர்ந்திருந்தது. அது இல்லாதவர்கள் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மேலாகத் தெளிந்ததை எடுத்தாலும் சுண்ணாம்பு கொஞ்சம் அடியில் தங்கிவிடும். மாரியில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இன்னும் நல்லது. பேணியை மூடியபடி இரண்டு தரம் குலுக்கி, பொங்கிய மா அடங்கும்வரை பொறுத்துத் திறந்தேன், அந்தத் தூசு மூக்குக்குள் போகக்கூடாது. கோப்பையில் தண்ணீர், அதன்மேல் பவுடர். கரண்டியைக் கோப்பையின் சுவரில் அழுத்தி அழுத்தி எட்டு எழுதுவதுபோல் குழைக்க வேண்டும், சும்மா கலக்கினால் காற்றுக் குமிழ் நிற்கும். முக்கால் நிமிடத்தில் கட்டியில்லாமல் வழவழவென்று வந்தது. புருவத்துக்கும் நெற்றி மயிர்க்கரைக்கும் வசலின் பூசினேன். மீசைக்கார ஐயாமாருக்குப் பல் அச்செடுக்கும்போது மீசைக்கு வசலின் பூசிவிடுவோம், அந்தப் பழக்கம். காயம் பட்ட வலது கன்னத்தில் அந்தச் சிறு இடத்தை மட்டும் விட்டுவிட்டேன். கண், மூக்குத் துவாரம், உதடு, இவையும் திறந்தபடி. பாலரில் சிலர் கண்ணையும் வாயையும் மூடிப் பூசுவதைப் படத்தில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் சம்மதம் இல்லை.

கரையைத் தடிப்பாக வைப்பதுதான் சூட்சுமம். நடுவில் எவ்வளவு அழகாகப் பூசினாலும் கரை மெல்லிசாக இருந்தால் எடுக்கும்போது துண்டு துண்டாகப் போகும்.

பூசி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மாப்பிள்ளையின் போன். வாயை அசைத்தால் கன்னத்தில் வெடிக்கும் என்று சொல்லி வைத்திருந்தேன். பிள்ளை போனைக் காதில் வைத்துக்கொண்டு 'ம்', 'ம்ம்' என்று மட்டும் முனகினாள். அங்கே பெடியன், ஏதோ கோபம் போல என்று பயந்து, என்ன பிழை விட்டேன் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கிவிட்டானாம். பதினைந்து நிமிடத்தில் என்னென்ன ஒத்துக்கொண்டான் என்பது எங்களுக்கு இன்னும் தெரியாது.

விரலால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. நாடிக்குக் கீழே கரையைக் கிளப்பி மெதுவாக மேலே எடுத்தேன். தாமரையிலையில் இருந்து தண்ணீர் விடுபடுவதுபோல் வந்தது. கையில் ஏந்தி உள்பக்கத்தைப் பார்த்தால் அவளுடைய முகம் அப்படியே குழியாக இருந்தது. மூக்கின் வளைவு, மேலுதட்டுக்கு மேலே இருக்கிற சிறு மச்சம், வசலின் பூசிய புருவத்தின் ஒவ்வொரு கோடும். பழக்க தோஷம், உடனே பிளாஸ்ரர் ஊற்றி எடுக்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஈரத்துணியில் சுற்றி வைக்காவிட்டால் அரை மணியில் சுருங்கத் தொடங்கிவிடும். வைக்கவில்லை. விடியும்போது குப்பை வாளிக்குள் கிடந்த முகம் பாதியாகிவிட்டிருந்தது.

பலன் என்ன என்று கேட்டால், முகம் குளிர்ந்து ஈரப்பதமாக மினுமினுத்தது. அடியில் ஏதாவது சீரம் பூசினால் அது காய்ந்துபோகாமல் மூடி வைக்கும். ஒரு நாள், கூடினால் இரண்டு நாள். நிறம் வெளுக்காது. வெளுக்கும் என்று பேணியில் போட்டிருந்தாலும் வெளுக்காது. முதல் முறை போடுகிறவர்கள் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. பருவுக்கு ரெற்றினோயிட் கிறீம் பூசுகிறவர்கள், நூல் கட்டி மயிர் எடுத்த அன்றே போட நினைப்பவர்கள், எந்த உரிக்கும் மாஸ்க்கிலும் கையை வைக்கவேண்டாம். அவர்களுடைய தோல் ஏற்கெனவே மெலிந்தோ எரிச்சல்பட்டோ இருக்கும்.

மகளின் வலது கன்னம் பொருக்குக் கட்டி விழுந்துவிட்டது. ஆனால் எங்களுடைய நிறத்துத் தோலில் காயம் பட்டால் ஆறிய பிறகும் கறுத்த அடையாளம் மாதக்கணக்கில் நிற்கும். பால் அறுகு வைக்கும்போது கிட்ட நின்றவர்களுக்குத் தெரிந்தது. மணவறையில் மேக்கப்பில் மறைந்துவிட்டது. அல்பத்தில் தெரியவில்லை.

1990களில் பொருளாதாரத் தடையில் சவர்க்காரமே கிடைக்காமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம், பயற்றம்மாவால் முகம் கழுவினோம். அதனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் மாஸ்க் போடக்கூடாது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லுகிற கிழடுகளைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். அன்றைக்குக் கிடைத்திருந்தால் நானும் போட்டிருப்பேன். போடுகிற பொருள் என்னவென்று தெரிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

தெரிந்துகொள்ள வழியும் இருக்க வேண்டுமே. கல்யாணம் முடிந்த பிறகு நகரில் பான்சிச் சாமான் விற்கும் ஒரு கடையில் இதே பவுடர் சிறு பக்கற்றில் தொங்கக் கண்டு, 850 ரூபா கொடுத்து வாங்கினேன். முன்பக்கம் கொரிய எழுத்து. பின்பக்கம் அதுவும் இல்லை, ஒரு வெள்ளை ஸ்ரிக்கர், அதில் விலை மட்டும். கிளப்பிப் பார்த்தால் அடியில் முடிவுத் திகதி அச்சடித்த இடம். ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டேன். "அன்ரி, எங்களுக்கு இப்பிடித்தான் வந்தது" என்றான் அந்தப் பெடியன். அவனை நோவதில் பயனில்லை. இறக்குமதி செய்தவரின் பெயரும் இல்லை, என்ன கலந்தது என்ற பட்டியலும் இல்லை. பக்கத்துக் கொழுவியில் தொங்கிய கறுப்பு ரியூப்புக்கும் இதற்கும் ஒரே பெயர், பீல் ஓஃப். ஒன்று உரிவது, மற்றது உரிப்பது. வாங்கப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறையிடலாம். நானும் முறையிட்டிருக்கிறேன், முறைப்பாட்டு இலக்கம் கொடுத்தார்கள், எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கும் வியாபாரிகள் ஒரு சிறு துண்டுக் கடதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் என்ன பொருள், எப்படிக் குழைப்பது, எங்கே பூசக்கூடாது என்று அச்சடித்து உள்ளே வைத்தால் அவர்களுக்கு என்ன குறைந்துவிடும்? கிணற்றுத் தண்ணீரில் குழைக்கவேண்டாம் என்று ஒரு வரி போட்டால் யாழ்ப்பாணத்தில் பாதிப் பக்கற் வீணாகாது. அவர்களுக்குத்தானே நல்ல பெயர்.

உங்களிடம் கேட்பது இதைவிடச் சின்னது. அந்தக் குறிப்பு எந்த இடத்தில் வந்ததோ அதே பெண்கள் பக்கத்தில், அதே எழுத்தளவில், ஜெலட்டினையும் பாலையும் முகத்தில் பூசி உரிக்கவேண்டாம் என்று ஒரு பெட்டி போட்டுவிடுங்கள். வாசகர் கடிதப் பக்கத்தை எங்கள் வயதுக்காரர்தான் படிக்கிறோம். போனில் படம் எடுத்து வைத்திருக்கிற பிள்ளைகள் இந்தப் பக்கத்துக்கு வருவதில்லை.

என் பெயரைப் போடவேண்டாம். மகளுக்குத் தெரிந்தால் என்னோடு கதைக்கமாட்டாள். புது மாப்பிள்ளை வீடு வேறு உங்கள் பத்திரிகைதான் எடுக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பற்சிகிச்சை உதவியாளர்,
கோண்டாவில்.

பி.கு.: மிஞ்சிய ஜெலி மாஸ்க்கை வோஷ் பேசினில் ஊற்றிக் கழுவவேண்டாம். குழாய்க்குள் போய் அங்கேயே இறுகும். கிளினிக்கில் கோப்பையிலேயே இறுகவிட்டு, தட்டிக் குப்பை வாளியில் போடுவோம். முதல் நாள் புட்டுமாவாகிப் போனதை மச்சாள் அவசரத்தில் குசினித் தொட்டிக்குள் கொட்டிவிட்டாள். கல்யாண வீட்டுச் சமையலுக்கு இடையில் என் மனுசன் குனிந்து குழாயைக் கழற்ற வேண்டி வந்தது. உள்ளேயிருந்து ஊதா நிறத்தில், வளைவும் திருகும் பிசகாமல், முழுக் குழாயின் அச்சும் ஒரே துண்டாக வந்தது.